தாத்தாவின் தகரப் பெட்டி: பழவேற்காட்டு அறைக்கா, எழும்பூருக்கா?

காலடிப்பேட்டை டீச்சர்:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் இருக்கிறேன். பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். அப்பா போன தை மாதம் தவறிவிட்டார். அவர் சென்னைத் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். ஆனால் பிறந்த ஊர் பழவேற்காடு. தாத்தா கடைசிவரை அங்கே ஏரியில் வலை போட்டவர். அப்பாவின் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். பிள்ளைகள் யாரும் அதைத் தொட்டதில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் நானும் தம்பியும் திறந்தோம்.

மேலாகப் பருத்தி நூல் வலை ஒரு துண்டு, நாலாக மடித்திருந்தது. மூங்கிலில் செய்த வலை ஊசி இரண்டு. ஒன்றில் நூல் இன்னும் சுற்றியபடியே இருக்கிறது, ஏதோ பாதி வேலையில் எழுந்து போன மாதிரி. சுருக்குப் பை நிறைய ஈயக் குண்டுகள். பச்சை பிடித்த ஒரு செப்புக் காசு. அதில் எழுத்துகள் ஒன்றோடு ஒன்று பின்னியிருக்கின்றன. விரல் நீளத்தில் ஒரு மூங்கில் பட்டை, கைபட்டுக் கைபட்டு வழவழவென்று இருக்கிறது. அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை. அடியில் ஒரு நீள நோட்டு. முதல் பக்கத்தில் தாத்தா கையெழுத்தில் 'பாடு, 1961' என்று இருக்கிறது. உள்ளே பக்கம் பக்கமாகப் பெயர்கள், நாள்கள், கூட்டல் குறிகள்.

ஊரில் இளைஞர்கள் சிலர் சேர்ந்து ஒரு பழைய வீட்டின் முன்னறையில் ஊர்ப் பொருள்களை வைத்து வருகிறார்கள். சாயங்காலம் அதே திண்ணையில் பிள்ளைகளுக்குப் பறையும் பாட்டும் சொல்லிக் கொடுக்கிறார்கள். பெட்டி விஷயம் காதுக்குப் போய், "அக்கா, எங்களுக்குக் கொடுங்க" என்று கேட்டார்கள். தம்பி எழும்பூர் அருங்காட்சியகத்துக்குத்தான் கொடுக்க வேண்டும் என்கிறான்.

எனக்கு ஒரு பயம் இருக்கிறது. பல வருடம் முன்பு ஒரு கல்லூரிக் கண்காட்சிக்கு அப்பா தாத்தாவின் துடுப்பைக் கொடுத்தார். ரசீது எதுவும் வாங்கவில்லை. மூன்று மாதம் கழித்து ஒரு துடுப்பு திரும்பி வந்தது. அது தாத்தாவுடையது அல்ல. தாத்தாவின் துடுப்பில் பிடி அருகே ஒரு வெட்டுக் காயம் இருக்கும். போய்க் கேட்டதற்கு, "எல்லாம் துடுப்புதானே சார்" என்று சொன்னார்களாம். அப்பா வீட்டுக்கு வந்து அன்றைக்குச் சாப்பிடவில்லை.

எங்கே கொடுப்பது, கொடுக்கும்வரை எப்படி வைத்துக்கொள்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நாவலூர் வாசி:

என் கருத்து, ஆளும் காசும் இருக்கிற இடத்துக்குக் கொடுங்கள். முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தைப் போய்ப் பாருங்கள். 1996 டிசம்பரில் திறந்தது, கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வடிவமைத்தது. தென்மாநிலங்களில் இடிக்கப்பட இருந்த வீடுகளைத் தூண் தூணாகக் கழற்றிக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டு முற்றத்தில் நின்றால் காரைக்குடிக்கே போன மாதிரி இருக்கும். குயவர் வீடு, நெசவாளர் வீடு எல்லாம் உண்டு. பள்ளிப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வருகிறார்கள். செவ்வாய்க்கிழமை மட்டும் போகாதீர்கள், விடுமுறை.

ஊர் இளைஞர்களைக் குறை சொல்லவில்லை. இன்றைக்கு ஆர்வமாக இருப்பார்கள். நாளைக்கு ஒருவருக்குத் துபாயில் வேலை, இன்னொருவருக்குக் கல்யாணம் என்று ஆகிவிட்டால் அறையின் சாவி யாரிடம் இருக்கும்? என் சொந்த ஊர் நூலகம் அப்படித்தான் போனது.

எழும்பூர் ஓய்வு:

அம்மா, நான் அருங்காட்சியகம் ஒன்றில் பொருள் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கே கொடுப்பது என்பதை அப்புறம் பேசலாம். முதலில் அவசரமானவற்றைச் சொல்கிறேன்.

அந்தக் காசைப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். நம் வீடுகளில் செம்பு, பித்தளை என்றால் கை தானாகப் புளிக்குப் போகும். பச்சையாகப் படிந்திருப்பது கெட்டியாகவும் வழவழப்பாகவும் இருந்தால் அது காசுக்குப் போர்வை மாதிரி, இருக்கட்டும். வெளிர்பச்சையில் மாவு மாதிரி உதிர்கிறதா என்று மட்டும் பாருங்கள். கடற்கரைப் பொருள்களில் உப்பு உள்ளே இறங்கி, ஈரக்காற்று பட்டதும் உலோகத்தை அரிக்கும். நாங்கள் அதை வெண்கல நோய் என்போம், செம்புக்கும் வரும். உதிர்ந்தால் ஈரம் படாமல் தனி டப்பாவில் போட்டு, சிலிகா ஜெல் பொட்டலத்தோடு மூடி, தெரிந்தவரிடம் காட்டுங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-லேயே இதற்கென ரசாயனக் கூடம் அமைத்தார்கள். பரமசிவன் என்ற அறிஞர் உப்பு அரித்த வெண்கலச் சிலைகளை அங்கே மின்பகுப்பு முறையில் மீட்டெடுத்தார். நம் ஊரில் இந்த அறிவு புதிதல்ல.

நோட்டுக்கு வருகிறேன். லாமினேஷன் செய்யாதீர்கள், செலோ டேப் ஒட்டாதீர்கள். இரண்டும் இப்போது அழகாக இருக்கும், பிறகு காகிதத்தைத் தின்னும், பிரிக்கவும் முடியாது. குண்டூசி, ஸ்டேப்ளர் முள் இருந்தால் துரு பரவும், பக்கம் கிழியாமல் மெதுவாக எடுத்துவிடுங்கள். கோடித்துணியில் சுற்றலாம், ஆனால் இரண்டு தடவை அலசிக் கஞ்சியை எடுத்த பிறகு. கஞ்சிதான் ராமபாணப் பூச்சிக்குச் சாப்பாடு. பக்கத்தில் வசம்பை ஒரு சின்ன முடிச்சாகக் கட்டி வையுங்கள். பாச்சை உருண்டையைக் காகிதத்தோடு ஒட்டிப் போடாதீர்கள். செல்போனில் ஒவ்வொரு பக்கமும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துவிடுங்கள், வெறும் பக்கங்கள் உட்பட.

வலையை மடிக்கக் கூடாது. மடிப்பு விழுந்த இடத்தில் நூல் முதலில் அறும். ஒரு அட்டைக் குழாயில் துணி சுற்றி, அதன் மேல் வலையைத் தளர்வாக உருட்டி வையுங்கள். துவைக்கத் தோன்றும், துவைக்காதீர்கள். பழைய பருத்தி வலைகளை மரப்பட்டை வேகவைத்த சாயத்தில் நனைத்துப் பதப்படுத்துவார்கள். உங்கள் துண்டில் செம்பழுப்பு நிறம் இருந்தால் அது அழுக்கு இல்லை, அந்தக் காலத்து வேலை. நைலான் வந்த பிறகு அந்த வேலையே ஊரைவிட்டுப் போய்விட்டது.

சட்டமும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு கடந்த காசு தொல்பொருள். வைத்திருப்பது குற்றமில்லை. உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்யக் கூடாது, தனியாள் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. மண்ணில் புதைந்து கிடைத்த புதையல் 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-லேயே இன்னொரு சட்டம் இருக்கிறது. அதனால் தாத்தாவுக்கு அந்தக் காசு எப்படி வந்தது என்று வீட்டில் யாருக்காவது தெரிந்தால் எழுதி வையுங்கள். கையெழுத்துப் பிரதி என்றால் 75 ஆண்டு. உங்கள் நோட்டு அந்தக் கணக்குக்குள் இன்னும் வரவில்லை. ஆனால் என்னைக் கேட்டால் பெட்டியில் காசைவிட நோட்டுதான் பெரியது.

துடுப்பு விஷயம் படித்துக் கஷ்டமாக இருந்தது. "எல்லாம் துடுப்புதானே" என்று சொல்கிறவரிடம் பொருளே கொடுக்கக் கூடாது. எந்த இடமாக இருந்தாலும் மூன்று விஷயம் கேளுங்கள். வரவுப் பதிவேடு இருக்கிறதா? பொருளின் மேல் எண் போடுகிறார்களா? கொடையா, இரவலா என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு உங்களுக்கு ஒரு பிரதி தருகிறார்களா? இது இருந்தால் ஓட்டு வீட்டு அறைகூட அருங்காட்சியகம்தான்.

அந்த மூங்கில் பட்டை வலை பின்னும்போது கண்ணின் அளவு மாறாமல் இருக்க வைக்கிற அளவுப் பட்டை என்று நினைக்கிறேன். அகலத்தை அளந்து பார்த்து, வலையின் ஒரு கண்ணோடு ஒப்பிடுங்கள்.

காலடிப்பேட்டை டீச்சர்:

ஐயா, கும்பிடுகிறேன். இப்போதுதான் அளந்தேன். பட்டையின் அகலமும் வலைக் கண்ணின் ஒரு பக்கமும் சரியாக ஒன்று! ஸ்கேலைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நாற்பது பிள்ளைகளுக்கு அளவு சொல்லிக் கொடுக்கிறவள் நான். எங்கள் தாத்தா வைத்திருந்த அளவுகோல் இத்தனை வருடம் எங்கள் வீட்டிலேயே இருந்திருக்கிறது.

கழிமுகம்:

டீச்சர் அக்கா, நான் ஏரிக்கரைக் குப்பத்துப் பையன். இப்போது அம்பத்தூரில் ஒரு பட்டறையில் வேலை. அந்த அறை வைத்திருக்கும் இளைஞர்களில் இரண்டு பேர் எனக்குத் தெரிந்தவர்கள், நல்ல பசங்கள்.

நோட்டைப் பற்றி மட்டும் சொல்ல வருகிறேன். மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று கொஞ்சம் விளக்குகிறேன். ஏரியில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மீன் கிடைக்காது. முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களில் தண்ணீர் ஏறி இறங்கும்போது இறால் அதிகம் கிடைக்கும். வலு உள்ளவன் தினமும் அங்கேயே வலை கட்டினால் மற்றவன் வீட்டில் உலை வைக்க முடியாது. அதனால் எந்த இடம், எந்த நாள், யாருக்கு என்று சீட்டுப் போட்டு, முறை வைத்துச் சுற்றுவார்கள். அதுதான் பாடு. தலைக்கட்டு என்று கணக்கு உண்டு. கல்யாணம் ஆன ஆண்தான் அதில் சேர முடியும். சர்க்கார் போட்ட விதி இல்லை, ஊர் போட்டது. வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆராய்ச்சிக்காரர்கள் வந்து இதை எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அக்கா, உங்கள் தாத்தா எழுதி வைத்திருப்பது அந்தச் சீட்டுக் கணக்கு. கண்ணாடிப் பெட்டிக்குள் விரித்து வைக்கிற பொருள் இல்லை அது. யார் தலைக்கட்டு, யார் இல்லை என்பது இன்றைக்கும் ஊருக்குள் பேச்சு வருகிற விஷயம். அறையில் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்தால் அடுத்த நாளே ஒருவர் வந்து, "எங்க தாத்தா பேர் இதுல இருக்கு, எங்களுக்கும் முறை உண்டு" என்பார். இன்னொருவர் இல்லை என்பார். ஒருவேளை அவர் சொல்வது நியாயமாகவே இருக்கலாம். ஆனால் அதைத் தீர்க்க வேண்டிய இடம் ஊர்ப் பஞ்சாயத்து, அருங்காட்சியகம் இல்லை.

எழும்பூருக்கும் உடனே கொடுக்காதீர்கள். முதலில் ஊர்ப் பெரியவர்களிடம் காட்டுங்கள். அவர்களுக்குத் தெரியாமல் அந்த நோட்டு எங்கே போனாலும் அது எங்களுக்கு வருத்தம்தான்.

நாவலூர் வாசி:

இதை நான் யோசிக்கவே இல்லை. முட்டுக்காடு என்று எழுதினேனே, வலைக்கும் ஊசிக்கும் சரி, நோட்டுக்கு அது பொருந்தாது. கழிமுகம் சொல்வதைக் கேளுங்கள் டீச்சர்.

வடகரை வழிப்போக்கன்:

கேள்விக்கு நேர் பதில் இல்லை, ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது. போன மாதம் தரங்கம்பாடி போயிருந்தேன். 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டைக்குள் தமிழகத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. சின்ன ஊர், கோட்டை வாசலில் நின்றால் அலைச் சத்தம். உள்ளே பீங்கான், காசு, வாள் என்று நிறைய. ஆனால் அந்த ஊர் டேனிஷ்காரர் கைக்குப் போனதற்கு ஆதாரமான ஓலை, தஞ்சை ரகுநாத நாயக்கர் பொன்னில் எழுதிக் கொடுத்தது, கோபன்ஹேகனில் இருக்கிறது. அங்கே பத்திரமாகத்தான் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் தரங்கம்பாடிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை அதை என்றைக்குப் பார்க்கும்?

பழவேற்காட்டுக்கும் அதேதான். 1613-ல் டச்சுக்காரர்கள் கெல்ட்ரியா கோட்டை கட்டினார்கள், சோழமண்டலக் கரையில் அவர்களுக்குத் தலைமையிடமாக இருந்தது. இன்றைக்குக் கோட்டை இருந்த இடத்தில் புதரும் மேடும். கல்லறைத் தோட்டத்தை மட்டும் இந்தியத் தொல்லியல் துறை காக்கிறது, வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய கற்கள் நிற்கும். வருகிறவர்கள் அதைப் படம் எடுத்துக்கொண்டு, படகில் ஏறிப் பூநாரை பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். 400 வருடம் முன்பு செத்த வியாபாரிக்குப் பெயரோடு கல் இருக்கிறது. அதே ஏரியில் நேற்றுவரை வலை போட்டவருக்கு என்ன இருக்கிறது? உங்கள் பெட்டி ஊருக்குப் போக வேண்டும் என்பது என் ஆசை.

காலடிப்பேட்டை டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை போய் வந்தேன், அதை எழுதுகிறேன்.

காலையில் திருவொற்றியூரில் கும்மிடிப்பூண்டி ரயில் பிடித்துப் பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து பஸ். அப்பாவின் அக்கா, என் பெரிய அத்தை, அங்கேதான் இருக்கிறார். வயது 84. கண் மங்கல், காது நன்றாகக் கேட்கும். பெட்டியை அவர் முன்னால் வைத்து ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்தேன். செல்போனில் பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

வலையைத் தொட்டதும், "இது சுத்து வலை இல்ல, அப்பா கரையோரம் போடறது" என்றார். மூங்கில் பட்டையைக் கட்டைவிரலால் தடவிவிட்டு, "ரெண்டு விரல் கண்ணுக்கு வெட்டினது. இன்னொண்ணு இருக்கணுமே, சின்னது, அது எங்க?" என்று கேட்டார். அந்தச் சின்னது பெட்டியில் இல்லை என்றதும் அத்தைக்கே நினைவு வந்துவிட்டது. சின்னப் பட்டையில் பின்னிய வலையில் குஞ்சு மீனும் சேர்ந்து வந்துவிடும் என்று ஒரு வருடம் ஊரில் அதை வேண்டாம் என்று நிறுத்தினார்களாம். தாத்தா அன்றைக்கே அதை அடுப்பில் போட்டாராம். பாட்டி, "விறகாவாவது ஆச்சே" என்றாராம். இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. அப்பாவுக்கே தெரிந்திருக்குமா என்று தெரியவில்லை.

நூல் சுற்றிய ஊசியைக் கொடுத்தபோது அத்தை ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்த நூல் நான் சுத்திக் கொடுத்தது" என்றார். தாத்தா கடைசியாகப் படுக்கையில் விழுந்த வாரம். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

காசு பற்றி: வலையில் சேற்றோடு வந்தது, மூன்று காசு, இரண்டைப் பிள்ளைகள் தொலைத்துவிட்டார்கள் என்றார். ஐயா சொன்னபடி எழுதி, அத்தையிடம் கைநாட்டும் வாங்கிக்கொண்டேன். காசை எழும்பூரில் காட்டப் போகிறேன்.

நோட்டை எடுத்துக்கொண்டு கழிமுகம் தம்பி சொன்ன பெரியவர்களைப் பார்த்தேன். மூன்று பேர். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஒரு மணி நேரம் படித்தார்கள். ஒருவர் தன் அப்பாவின் பெயரைக் கண்டுபிடித்து அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டே இருந்தார். முடிவில், நோட்டு என் வீட்டிலேயே இருக்கட்டும், படங்களின் ஒரு பிரதி ஊர்ப் பஞ்சாயத்தில் இருக்கட்டும், அறையில் மூடிய நோட்டின் படம் மட்டும் போதும் என்றார்கள். பாடு என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு பலகை எழுதலாம், பெயர்கள் வேண்டாம். எனக்கும் அது சரியாகப்பட்டது.

அறையையும் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், நினைத்ததைவிடச் சின்னது. பனையோலைக் கூடைகள், ஒரு பழைய பாய்மரத் துணி, இரண்டு அரிக்கேன் விளக்கு. ஜன்னலில் கதவில்லை, உப்புக்காற்று நேராக உள்ளே வருகிறது. பொருள்களைத் தரையில் வைத்திருந்தார்கள். 2004 சுனாமியில் தண்ணீர் எதுவரை வந்தது என்று அங்கே எந்தப் பெரியவரும் சுவரில் காட்டுவார். அதற்கு மேலே அலமாரி போட வேண்டும் என்று சொன்னேன். உடனே ஒரு பையன் சாக்பீஸ் எடுத்துக் கோடு போட்டான். பதிவேடு இல்லை. ஆனால் கேட்டதும் முகம் சுளிக்கவில்லை. நான் கொண்டுபோன நீள நோட்டில் அங்கேயே உட்கார்ந்து கட்டம் போட்டோம். எண், பொருள், ஊரில் அதைச் சொல்லும் பெயர், யார் கையில் இருந்தது, யார் சொன்னது, கொடையா இரவலா. 'ஊரில் சொல்லும் பெயர்' என்ற கட்டம் அத்தையைக் கேட்டபிறகு நான் சேர்த்தது.

வலையும், நூல் இல்லாத ஊசியும், ஈயக் குண்டுகளும், அளவுப் பட்டையும் ஒரு வருட இரவலாகக் கொடுக்கிறேன். இரண்டு பக்கமும் கையெழுத்து. நூல் சுற்றிய ஊசி அத்தையிடம் இருக்கிறது. அவர் கேட்கவில்லை, நான்தான் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஐயாவுக்கு இன்னும் ஒரு கேள்வி. வலையில் எண் போட்ட துணிச் சீட்டைத் தைக்க வேண்டும். தடித்த ஓரக் கயிற்றில் தைப்பதா, கண்ணிலேயே கட்டுவதா? மையில் எழுதினால் பரவுமா?

எழும்பூர் ஓய்வு:

ஓரக் கயிற்றில், அம்மா. கஞ்சி போன வெள்ளைத் துணி, வெள்ளைப் பருத்தி நூல், இரண்டே தையல், இழுத்துக் கட்ட வேண்டாம். பால்பென் வேண்டவே வேண்டாம். துவைத்தால் போகாத கறுப்பு மை கிடைக்கும், முதலில் வேறு துணியில் எழுதி நனைத்துப் பாருங்கள். பட்டைக்குத் துளை போடாதீர்கள், நூலால் ஒரு சுற்று கட்டிச் சீட்டைத் தொங்கவிடுங்கள்.

ஜன்னலுக்குக் கதவு போடும்வரை வலையை அங்கே அனுப்பாதீர்கள். கதவுச் செலவில் என் பங்கும் இருக்கட்டும். அடுத்த ஞாயிறு நீங்கள் போவதானால் நானும் பொன்னேரிவரை ரயிலில் வருகிறேன்.

கழிமுகம்:

கதவை நான் செய்கிறேன் ஐயா. எங்கள் பட்டறையில் மிச்சச் சட்டம் கிடக்கிறது. டீச்சர் அக்கா, ஜன்னல் அளவு மட்டும் எடுத்து அனுப்புங்கள்.

காலடிப்பேட்டை டீச்சர்:

உயரம் 3 அடி 2 அங்குலம், அகலம் 2 அடி 5 அங்குலம், மொத்தம் இரண்டு ஜன்னல். நேற்றே எடுத்து வைத்துவிட்டேன் தம்பி.